ஐந்தாவது கதவும் ஒரு கட்டையும்

பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கினேன், வண்டியோடு ஒரு கட்டையும் வந்தது. டிக்கியின் ஓரத்தில் கிடந்தது. இரண்டரை அடி நீளம், துடைப்பக் கைப்பிடியை வெட்டி எடுத்தது போல இருந்தது. ஒரு முனையில் பழைய துணியைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். எதற்கு என்று விற்றவரிடம் கேட்க மறந்துவிட்டேன். ஏதோ பழைய சாமான், பிறகு தூக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை பின்கதவைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்தபோதுதான் அந்தக் கட்டை எதற்கு என்று என் பின்மண்டைக்குத் தெரிந்தது.

வண்டி 2012-ல் தயாரானது. 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். வாங்கும்போது ஓடோமீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப் போவதில்லை. இங்கே எழுதியிருக்கும் கோளாறுகள் வயதான எந்த ஹேட்ச்பேக்கிலும் வரக்கூடியவை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பானெட்டில் கை வைத்து, இன்ஜின் சில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே சாவியைத் திருப்பினேன். முன்கூட்டியே சூடாக்கி வைத்த இன்ஜின் பல நோய்களை மறைத்துவிடும். சைலன்சரில் நீலப்புகை இல்லை. ஆயில் மூடியின் அடியில் பாலாடை மாதிரி எதுவும் படியவில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து இரண்டு பக்கமும் வட்டமடித்தேன். டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் டக்டக் என்று சத்தம் வரும். வரவில்லை. கிளட்ச் கொஞ்சம் மேலே பிடித்தது, அது எதிர்பார்த்ததுதான். டயர்களின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் படித்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கும் நல்ல வயதில்தான் இருந்தன.

டிக்கியையும் திறந்து பார்த்தேன். விற்றவர்தான் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், அது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே அவருடைய பை, குடை, அட்டைப்பெட்டி என்று நிறைய இருந்தன. அதையெல்லாம் எடுத்து வெளியே வையுங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். இன்ஜினோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியவன், ஒரு நிமிடம் அந்தக் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

ஏனென்றால், ஹேட்ச்பேக்கை ஹேட்ச்பேக் ஆக்குவதே அந்தப் பின்கதவுதான், நான்கு கதவுகளுக்கு அடுத்த ஐந்தாவது கதவு. 1965-ல் ரெனோ 16 வந்தபோது குடும்பக் காருக்குப் பின்னால் கூரை ஓரத்தில் கீல் வைத்து மேலே தூக்கித் திறக்கும் கதவு என்பது புதுமை. 1974-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் வந்த பிறகு அது சின்னக் காரின் இலக்கணம் ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கதவு என்ன பாடுபடுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கனமான கண்ணாடி, வைப்பர் மோட்டார், நம்பர் பிளேட் விளக்கு, மேல் பிரேக் விளக்கு, பூட்டு, கண்ணாடி ஹீட்டர் எல்லாம் அதில் தொங்குகின்றன. இவற்றுக்கான ஒயர்களும் ஒரு தண்ணீர்க் குழாயும் கீல் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் உறைக்குள் நுழைந்து போகின்றன. கதவைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் அத்தனையும் மடங்கி நிமிர்கின்றன. பன்னிரண்டு வருடம் மடங்கி நிமிர்ந்தால் எதுதான் தாங்கும்?

முதலில் மண்டையைக் காப்பாற்றும் வேலை. கதவைத் தாங்கும் இரண்டு கேஸ் டம்பர்களும் போய்விட்டிருந்தன. உள்ளே நைட்ரஜன் வாயு உயர் அழுத்தத்தில் இருக்கும், கூடவே கொஞ்சம் எண்ணெய். தண்டு நுழையும் இடத்தில் இருக்கும் சீல் தேய்ந்தால் வாயு மெல்ல மெல்ல வெளியேறிவிடும். என் வண்டியில் தண்டின் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தன. அதுவே போதுமான சாட்சி. குளிரான காலையில் வாயுவின் அழுத்தம் இன்னும் குறையும். அதனால்தான் சில வண்டிகளில் மத்தியானம் நிற்கும் கதவு விடிகாலையில் தலையில் விழுகிறது.

மாற்றுவது பத்து நிமிட வேலை. பழைய டம்பரின் உடலில் எவ்வளவு நியூட்டன் விசை என்று அச்சிட்டிருக்கும். அதே எண், அதே நீளத்தில் ஜோடியாக வாங்கினேன். ஒன்றை மட்டும் மாற்றினால் கதவு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். இரண்டு முனையிலும் உருண்டையைக் கவ்வும் கிண்ணம் இருக்கிறது. அதில் உள்ள கம்பி கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் சற்று நெம்பினால் போதும், கழன்று வந்துவிடும். முழுக்கப் பிடுங்கினால் கிளிப் எங்கேயாவது பறந்துவிடும், அப்புறம் புல்லில் தேட வேண்டியதுதான். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். இந்த வேலை முடியும்வரை கதவைத் தாங்கிப் பிடித்தது, அந்தத் துணி சுற்றிய கட்டை. பழைய டம்பரை ஓட்டை போடவோ தீயில் போடவோ கூடாது. காலாவதி ஆனதாகத் தெரிந்தாலும் உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கும்.

இரண்டாவது வாரம் ஒரு சந்தேகம் வந்தது. காலையில் வண்டியைத் திறந்தால் ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி வைத்த வாசம். எல்லாக் கண்ணாடியிலும் உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். ஏசியைப் போட்டு, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை எடுத்தால் ஐந்து நிமிடத்தில் தெளியும். மறுநாள் மறுபடி அதே கதை. ஒருநாள் சிக்னலில் பிரேக் போட்டபோது, பின்னால் குடத்தில் தண்ணீர் அலம்புவது போல ஒரு சத்தம்.

வீட்டுக்கு வந்து கம்பளத்தைத் தூக்கினேன், அதன் கீழே இருந்த அட்டைப் பலகையைத் தூக்கினேன். ஸ்டெப்னி டயர் குளத்தில் கிடந்தது. விரல் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். ஸ்பாஞ்சால் ஒற்றி வாளியில் பிழிந்து அளந்து பார்த்தேன், இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஜாக்கி துருவேறித் திருக முடியாமல் இறுகியிருந்தது. டயரின் எண்ணைத் துடைத்துப் படித்தேன்: 1912. 2012-ம் ஆண்டின் 19-வது வாரம். வண்டியோடு பிறந்த டயர், ஒரு நாளும் தரையைத் தொட்டதில்லை. ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. பார்க்கப் புத்தம் புதுசு, ஆனால் பன்னிரண்டு வயது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அதை நம்பிப் போக எனக்குத் தைரியம் இல்லை. மெல்ல ஓட்டிப் பஞ்சர் கடைவரை போக மட்டும் என்று முடிவு செய்து வைத்திருக்கிறேன்.

அந்தக் குழியின் அடியில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கும். "அதைக் கழற்றிவிடு, தண்ணீர் தானாகப் போய்விடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். உலர்த்தும் இரண்டு நாள் மட்டும் கழற்றி வைத்தேன். அப்படியே விட்டால் ரோட்டுச் சேறும் சைலன்சர் புகையும் அந்த வழியாக உள்ளே வரும். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதுதான் வேலை, வந்ததை வழியனுப்புவது அல்ல.

டிக்கியின் உள்பக்கப் பிளாஸ்டிக் பலகைகளைக் கழற்றினேன். வயதான பிளாஸ்டிக் கிளிப் அப்படியே கழன்று வரும் என்று நினைப்பது பேராசை. மூன்று உடைந்தன. பலகைக்குப் பின்னால் இருந்த சத்தம் தடுக்கும் பஞ்சு, பாதி எடை தண்ணீராக இருந்தது. அதைப் பிழியக் கூடாது, பிய்ந்துவிடும். கம்பியில் போட்டு வெயிலில் இரண்டு நாள் காயவிட்டேன்.

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஹேட்ச்பேக்கில் சந்தேகப்பட வேண்டியவர்கள் பட்டியல் நீளம்: கதவைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பர், டெயில் விளக்கின் பின்னால் இருக்கும் மெத்தை, மேல் பிரேக் விளக்கு, வைப்பர் தண்டு, கூரையின் இரண்டு ஓரமும் ஓடும் இணைப்பு, பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காற்றுப் போக்கிகள். கடைசியாகச் சொன்னது பலருக்குத் தெரியாது. கதவை அறைந்து சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று எங்காவது போக வேண்டும் அல்லவா? அதற்காகப் பின்பக்கத் தகட்டில் மெல்லிய ரப்பர் இதழ்கள் வைத்த ஒரு சட்டம் இருக்கும். காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது. இதழ் மடிந்துபோய்த் திறந்தே நின்றால் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக டிக்கிக்கு வரும்.

சோதனைக்கு ஓர் உதவியாள் தேவை. அக்கா மகன் வந்திருந்தான், வயது பன்னிரண்டு. கார் டிக்கிக்குள் டார்ச்சோடு உட்கார வேண்டும் என்றதும் அவன் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு டார்ச்சே தேவையில்லை. பின்சீட்டை மடித்துவிட்டு, முன் ஜன்னல்களை இறக்கிவிட்டு, அவனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். சீட்டை மடிக்காமல் டிக்கிக்குள் யாரையும் வைத்து மூடாதீர்கள், விளையாட்டுக்குக்கூட.

தண்ணீர் ஓடிய தடம் தெரிவதற்காக, உள்ளே இரும்பு தெரியும் இடங்களில் எல்லாம் முகப்பவுடரைக் குறுக்குக் கோடாகத் தூவி வைத்தேன். ஒரு சொட்டு இறங்கினாலும் கோடு அறுபடும். வெளியே ஹோஸ் பைப், முனையில் எதுவும் மாட்டாமல், தண்ணீர் சும்மா வழியும்படி. அழுத்தமாகப் பீய்ச்சினால் நல்ல ரப்பரையும் தாண்டிப் போகும், பொய்யான குற்றவாளியைப் பிடிப்போம். இன்னொன்று, கீழிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும். மேலே ஊற்றினால் எல்லா இடமும் ஒரே சமயத்தில் நனையும், ஒழுகியது எது என்று சொல்லவே முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து நிமிடம்.

பம்பர் ஓரம் ஐந்து நிமிடம், ஒன்றும் இல்லை. கதவின் கீழ் பீடிங், ஒன்றும் இல்லை. இடது டெயில் விளக்கு, இல்லை. வலது டெயில் விளக்குக்குப் போய் மூன்று நிமிடம் இருக்கும். உள்ளிருந்து கத்தல்.

"மாமா, வருது! வருது! நிறுத்தாதீங்க, பாத்துக்கறேன்!"

"எங்கடா வருது?"

"லைட்டுக்குப் பின்னாடி. ஒயர் பக்கத்துல. பவுடர்ல ஆறு ஓடுது மாமா."

விளக்கைக் கழற்றினேன். உள்பக்கம் இரண்டு நட்டு, ஒரு ஒயர் பிளக், அவ்வளவுதான். பின்னால் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு மெத்தை நசுங்கிக் காகிதம் போல ஆகியிருந்தது. அதன் மேல் யாரோ சிலிகானை அள்ளி அப்பியிருந்தார்கள், அதுவும் பாதிச் சுற்றுக்குத்தான். அப்போ இந்த ஒழுகல் முந்தைய கைக்கும் தெரிந்திருக்கிறது. அந்த அட்டைப்பெட்டியும் குடையும் டிக்கியில் எதற்கு இருந்தன என்றும் எனக்கு ஓரளவு புரிந்தது. நிரூபணம் இல்லை, விட்டுவிடுகிறேன்.

பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்தேன். இரும்பால் சுரண்டினால் பெயின்ட் போகும், அடுத்த வருடம் துரு வரும். ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் புது பியூட்டைல் டேப்பை முழுச் சுற்றுக்கும் ஒட்டினேன். கறுப்பாக, சூயிங்கம் போல இழுபடும் டேப் அது. என்றைக்கும் கெட்டியாகாது, அடுத்த தடவை பல்பு மாற்றக் கழற்றினாலும் விளக்கை உடைக்க வேண்டியிருக்காது. சிலிகானில் அந்த வசதி இல்லை. நட்டைக் கையால் திருகி, ஸ்பேனரில் அரைச் சுற்று மட்டும். விளக்கின் போல்ட் பிளாஸ்டிக்கில் பதிந்திருப்பது, இறுக்கினால் விரிசல் விடும்.

அன்றைக்கு நான் செய்த தப்பு, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று ஹோஸைச் சுருட்டி வைத்தது. விளக்குக்கு மேலே இருந்த எதையும் சோதிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பலகையைத் தூக்கினால் குழியில் மறுபடி தண்ணீர். அதிகம் இல்லை, ஒரு டம்ளர் இருக்கும். எரிச்சலில் டேப்பைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன். அக்கா மகன்தான் குனிந்து விரலை விட்டு முகர்ந்து பார்த்தான்.

"மாமா, இது சோப்பு வாசம் அடிக்குது."

அப்போதுதான் உறைத்தது, அந்த வாரம் முழுக்க மழையே இல்லை.

வண்டி வாங்கிய நாளிலிருந்தே பின் வைப்பர் வேலை செய்யவில்லை. பின்கண்ணாடிக்குத் தண்ணீரும் வரவில்லை. நாசில் அடைத்திருக்கும் என்று ஊசியால் குத்திவிட்டு, வருகிறதா வருகிறதா என்று லீவரை அழுத்திக்கொண்டே இருந்தேன். முன்னால் பானெட்டுக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து சோப்புத் தண்ணீர் காரின் முழு நீளத்தையும் தாண்டி வந்து, கண்ணாடியை அடைய ஒரு ஜாண் பாக்கி இருக்கும்போது எங்கோ கூரைக்குள் கொட்டியிருக்கிறது. அதாவது என் டிக்கிக்கு நானே பம்ப் போட்டு இறைத்திருக்கிறேன்.

கீல் பக்கத்து ரப்பர் உறையை உருவினேன். குழாய் மடிப்பில் அறுந்து இரண்டு துண்டு. கூடவே ஒயர்களும். மொத்தம் ஏழு ஒயர், அதில் இரண்டு முழுக்க அறுந்திருந்தன. மூன்றில் மேல்தோல் வெடித்துச் செம்பு தெரிந்தது. செம்பு பளபளப்பாக இல்லை, பச்சை பூத்திருந்தது. அறுந்ததில் ஒன்று வைப்பருக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயர் என்று நினைத்தேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அங்கே 12.4 வோல்ட் ஒழுங்காக வந்தது. அறுந்தது எர்த் ஒயர், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் ஒயர்.

ஒரு விசித்திரம் இங்கே விளங்கியது. பின் வைப்பர் சுவிட்சைப் போட்டால் வைப்பர் அசையாது, ஆனால் நம்பர் பிளேட் விளக்கு மங்கலாக எரியும். பேய் வேலை போல இருந்தது. விஷயம் எளிது. வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு எல்லாவற்றுக்கும் அந்தக் கதவில் ஒரே எர்த். அது அறுந்ததும், வைப்பர் மோட்டாருக்குள் போன கரண்ட் திரும்பிப் போக வழி தேடுகிறது. நம்பர் பிளேட் பல்பு வழியாகத் தலைகீழாக நுழைந்து, பார்க் விளக்கு ஒயரைப் பிடித்து, டெயில் விளக்கு பல்புகள் வழியாக பாடியை அடைகிறது. வழியெல்லாம் தடை என்பதால் மோட்டார் சுற்றும் அளவுக்குக் கரண்ட் இல்லை, பல்பு மினுங்கும் அளவுக்கு இருக்கிறது. ஒரு சுவிட்சைப் போட்டால் சம்பந்தமே இல்லாத விளக்கு எரிகிறதா, முதலில் எர்த்தைப் பாருங்கள். மோட்டாரை மாற்ற ஓடாதீர்கள்.

பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினேன். அறுந்த இடத்திலேயே இரண்டு நுனியையும் முறுக்கி டேப் சுற்றுவது சுலபம், ஆறு மாதம் தாங்கும். மடிப்பு அதே இடத்தில்தான் விழுகிறது, முன்பைவிடத் தடியாக வேறு இருக்கிறது. சால்டர் வைத்தாலும் சிக்கல். ஈயம் ஒயர் இழைகளுக்குள் ஏறிக் கம்பி போல விறைத்துவிடும், விறைப்பு முடியும் இடத்தில் மறுபடி ஒடியும். அதனால் ஏழு ஒயரையும் உறைக்கு வெளியே, ஒரு பக்கம் பாடிக்குள், மறுபக்கம் கதவுக்குள் வெட்டி, நடுவில் சிலிகான் தோல் போட்ட மெல்லிழை ஒயரைக் கொடுத்தேன். நூடுல்ஸ் மாதிரி வளையும். இணைப்புகளை கிரிம்ப் செய்து (உலோகக் குழலுக்குள் நுனிகளை விட்டு இடுக்கியால் நசுக்கி), ஒன்றுக்கு நேராக ஒன்று வராதபடி தள்ளித் தள்ளி வைத்தேன். எல்லாம் ஒரே இடத்தில் வந்தால் முடிச்சு உறைக்குள் நுழையாது. கதவு முழுக்கத் திறந்த நிலையில் நீளத்தை அளந்து இரண்டு விரற்கடை கூட விட்டேன்.

சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் சுருங்கு குழாயை ஒயரில் முன்கூட்டியே கோத்துவிட வேண்டும், பிறகுதான் கிரிம்ப். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்காவது ஒயரில் மறந்து, வெட்டி, மறுபடி செய்தேன். எல்லாம் முடிந்ததும் சுவிட்சைப் போட்டேன். பன்னிரண்டு வயது வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிறீச் என்று இழுத்துக்கொண்டு ஒரு வீச்சு வீசியது. அந்தச் சத்தம் அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

பின் வைப்பர் அவசியமா என்று கேட்பவர்களுக்கு: டிக்கி தனியாகப் பின்னால் நீளும் செடானில் பெரும்பாலும் இல்லாமல் சமாளிக்கலாம், ஹேட்ச்பேக்கில் முடியாது. கூரை சட்டென்று முடியும் இடத்தில் காற்று வண்டியை விட்டுப் பிரிந்து, பின்னால் ஒரு குறை அழுத்தச் சுழல் உண்டாகிறது. சக்கரம் கிளப்பும் சேறும் புழுதியும் அந்தச் சுழலில் ஏறி நேராகக் கண்ணாடியில் அப்பிக்கொள்கின்றன. மழையில் இருபது கிலோமீட்டர் போனால் பின்னால் வருவது லாரியா பைக்கா என்றே தெரியாது.

இதே சுழலால் இன்னோர் ஆபத்து உண்டு. நீளமான சாமான் ஏற்றிவிட்டு, பின்கதவைப் பாதி திறந்து கயிற்றில் கட்டிக்கொண்டு ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நானும் ஒரு புத்தக அலமாரிக்காக அப்படிக் கிளம்ப இருந்தேன். சைலன்சர் புகை அந்தச் சுழலில் சிக்கி, திறந்த கதவு வழியாக உள்ளே இழுபடும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி வந்த பிறகு ஜன்னலைத் திறக்கலாம் என்பது நடக்கிற காரியம் இல்லை. அலமாரியை அங்கேயே கழற்றிப் பலகை பலகையாக ஏற்றினேன். கதவு மூடியது.

ஏற்றியபோது இன்னொரு குறை தெரிந்தது. பின்சீட்டை மடித்தால் டிக்கித் தரைக்கும் சீட்டின் முதுகுக்கும் நடுவில் 9 சென்டிமீட்டர் படி. பின்சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருப்பதால் சீட் அதற்கு மேல் தாழ முடியாது. 2001-ல் வந்த ஹோண்டா ஜாஸ் இந்தச் சிக்கலுக்கு டேங்க்கையே முன்சீட்டுகளுக்கு அடியில் தள்ளி வைத்தது. அதனால்தான் அதில் பின்சீட் தரையோடு தரையாகப் படுக்கும். எனக்கு வாய்த்தது 12 மி.மீ. பிளைவுட்டும் இரண்டு ரீப்பர் கட்டைகளும். பொய்த்தளம் போட்டு, சாமான் கட்டும் வளையங்களோடு பட்டை போட்டு இறுக்கினேன். கட்டாத பலகை, திடீர் பிரேக்கில் முன்சீட்காரரின் கழுத்துக்கு வரும். தளத்துக்கு அடியில் கிடைத்த இடத்தில் ஜாக்கி, எச்சரிக்கை முக்கோணம், கயிறு எல்லாம் அடங்கிவிட்டன.

அப்புறம் ஒரு பெருமழை. மறுநாள் இருவரும் போய்ப் பலகையைத் தூக்கினோம். குழி காய்ந்திருந்தது. சந்தோஷப்படுவதற்குள் அவன் டார்ச்சை மேலே அடித்தான். வலது மூலைத் தூணில் பவுடர்க் கோடு ஒன்று மட்டும் அறுந்திருந்தது. நூல் கனத்தில் ஒரு தடம், கூரையிலிருந்து.

கூரையின் ஓரத்தில் நீளமாக ஓடும் கறுப்பு ரப்பர் பட்டையை உரித்தேன். அடியில் கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் பள்ளம், அதில் சீலர் பூசியிருக்கும். கீலுக்கு ஒரு சாண் முன்னால் மயிரிழை விரிசல். ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் முழுக்க ஒரே பெரிய ஓட்டை. செடானில் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தகடு இதில் கிடையாது. மேடு பள்ளத்தில் அந்தச் சட்டம் முறுக்கிக்கொள்ளும், சீலர் கெட்டிப்பட்ட வயதில் விரிசல் விடும். விரிசலைச் சுற்றி ஒரு விரல் நீளத்துக்குச் சீலரைக் கிளறி எடுத்தேன். அடியில் காசளவு துரு. உப்புத்தாளால் தேய்த்து, துரு மாற்றி தடவி, பிரைமர் அடித்து, காய்ந்ததும் பாலியூரித்தேன் சீலரை நிரப்பி விரலால் இழுத்துவிட்டேன். மேலே பெயின்ட். இந்த முறை ஹோஸை எடுத்து, பம்பரிலிருந்து கூரைவரை, இரண்டு பக்கமும், முழுக்கச் சோதித்த பிறகுதான் சுருட்டினேன். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. உள்ளே இருந்தவன் நடுவில் தூங்கிவிட்டான்.

ஓட்டுவதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் இந்த வண்டியின் குணம். டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர். தனியாக ஓட்டும்போது துள்ளும், நான்கு பேரும் சாமானும் ஏறினால் நிதானமாகிவிடும். நிறையச் சாமான் ஏற்றினால், டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி பின்டயர்க் காற்றைக் கூட்ட வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் முன்டயர் சீக்கிரம் தேயும். ஒரு ஜோடி மட்டும் புதிதாகப் போட்டால் அதை முன்னால்தான் போடத் தோன்றும், ஆனால் பின்னால்தான் போட வேண்டும். ஈரத்தில் முன்டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி கிடைக்கும். பின்டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும், திருப்பிப் பிடிக்க எல்லோராலும் முடியாது.

பாக்கி இருப்பது பின்கண்ணாடி ஹீட்டர். பதினொரு கோட்டில் ஒன்று வேலை செய்யவில்லை. ஆவி படிந்திருக்கும்போது போட்டுப் பார்த்தால் அந்த ஒரு கோட்டின் மேல் மட்டும் வெளுப்பு அப்படியே நிற்கிறது. கோடு எங்கே அறுந்திருக்கிறது என்று மல்டிமீட்டர் முள்ளை ஒரு ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டே போய்ப் பிடித்துவிட்டேன். வோல்ட் சட்டென்று குதிக்கும் இடம்தான் அது. நடுவில், ஏதோ பெட்டி உரசிய கீறல். வெள்ளி கலந்த பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். பூசியபின் அசையாமல் காய வேண்டும், கதவு பாதி திறந்த நிலையில் கண்ணாடி சற்றே படுத்த மாதிரி நின்றால் பெயின்ட் வழியாது. புது டம்பர் அதற்கு ஒத்துக்கொள்ளாது, முழுக்கத் தூக்கிவிடும். கதவைக் கீழே இழுத்துக் கட்ட ஒரு கயிறு, அதற்கு மேல் இறங்காமல் முட்டுக் கொடுக்க அந்தக் கட்டை.